எண்ணுப்பெயர்களில் உறவு கண்டவர்: ஆகஸ்ட் ஷ்லைகர்

நாள்தோறும் வாயில் வழங்கும் சொற்களுள் எண்ணுப்பெயர்களைப் போல எவரும் நின்று நினைத்துப் பாராத சொற்கள் வேறில்லை எனலாம். சந்தையில் விலை பேசுபவரும் மந்தையில் ஆடு கணக்கிடுபவரும் ஒன்று, இரண்டு என்று சொல்லிச் செல்வரேயன்றி, அச்சொற்கள் எக்காலத்தில் எவர் வாயிலிருந்து புறப்பட்டன என்று வினவுவதில்லை. கவிஞரும் உவமைக்கு மலரையும் நிலவையும் நாடுவரேயன்றி ஏழு, எட்டு என்னும் சொற்களை நாடுவது அரிது. ஆயினும் மொழிகளின் உறவை ஆராய்வோர்க்கு இவ்வெளிய சொற்களே முதற்சான்றாக வந்து நிற்கின்றன. வடமொழியில் சப்த, அஷ்ட, நவ, தச என எண்ணுகின்ற இடத்தில் இலத்தீன் செப்தெம், ஒக்தோ, நோவெம், தெகெம் என எண்ணுகிறது. பால்டிக் கடற்கரையை அடுத்த லித்துவேனிய உழவர் செப்தீனி, அஷ்துவோனி, தெவீனி, தெஷிம்த் என எண்ணுகின்றனர். ஒருவரையொருவர் கண்டறியாத மக்கள் ஒரே வகையாக எண்ணுவது தற்செயலாக நேரக்கூடியதன்று. ஒரு மூலத்திலிருந்து பிரிந்தோர் என்பதற்கு அது சான்று.

இவ்வுறவினைப் பொதுவாகக் கண்டு மகிழ்ந்தவர் பலர். ஆனால் ஸ்லாவிய மொழிகளிலும் லித்துவேனியத்திலும் ஜெர்மானியத்திலும் வழங்கும் எண்ணுப்பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றின் அடிச்சொல்லையும் ஈற்றையும் தனித்தனியே நிறுத்தி ஆராய்ந்து தனி நூலே எழுதியவர் ஆகஸ்ட் ஷ்லைகர். 47 ஆண்டுகளே வாழ்ந்த இவ்வறிஞரின் வாழ்க்கை, காது கொடுத்துக் கேட்டதை உண்மையாக எழுதி வைத்த ஒருவரின் உழைப்பு, அவர் வகுத்த கொள்கையையும் கடந்து நிற்கும் என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

இளமையும் கல்வியும்

ஷ்லைகர் 1821 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19 ஆம் நாள் ஜெர்மனியின் துரிங்கியப் பகுதியிலுள்ள மைனிங்கன் நகரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். குடும்பம் விரைவிலேயே சோனபெர்க் என்னும் மலையோர நகருக்குக் குடிபெயர்ந்தது. பொம்மைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அவ்வூரின் பேச்சு, நூல்களில் காணும் ஜெர்மன் மொழியினின்றும் பெரிதும் வேறுபட்டது. எழுதப்படாத அப்பேச்சுமொழி சிறுவனின் செவியில் ஆழப் பதிந்தது. பின்னாளில் பேராசிரியரான பிறகு, 1858 இல் சோனபெர்க்கின் பேச்சு வழக்கையும் நாட்டார் கதைகளையும் தொகுத்து அவர் ஒரு நூலாகவே வெளியிட்டார். ஏட்டிலிருக்கும் மொழியினும் நாவிலிருக்கும் மொழியே உயிருள்ளது என்னும் உணர்வு அவரிடம் பிறந்த இடம் சோனபெர்க்கே எனலாம்.

கோபுர்க் நகரில் பள்ளிக் கல்வியை முடித்து, 1840 இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயிலச் சேர்ந்தார். சமயப் பணிக்குரிய அப்படிப்பு அவருடைய உள்ளத்தை நிறைக்கவில்லை. தூபிங்கன் நகருக்குச் சென்று, எவால்ட் என்னும் பேரறிஞரிடம் கீழ்த்திசை மொழிகளைக் கற்றார். ஹெகலின் தத்துவம் அவரை ஈர்த்ததும் அங்கேதான். பின்னர் பான் பல்கலைக்கழகத்தில் ரிட்ஷல் என்பாரிடம் இலத்தீன், கிரேக்க நூல்களைப் பதிப்பிக்கும் முறையைப் பயின்றார். ஒரு நூலின் ஏட்டுப் படிகள் பலவற்றை ஒப்பிட்டு, எது எதனைப் பார்த்து எழுதப்பட்டது என்று வழிமுறை வகுத்து, இழந்துபோன மூல ஏட்டின் பாடத்தை மீட்கும் கலை அது. மொழிகளுக்கும் இவ்வாறே வழிமுறை வகுக்கலாம் என்னும் எண்ணத்துக்கு வித்து அங்கு விழுந்திருக்க வேண்டும் எனப் பின்னாளைய ஆய்வாளர் கருதுவர். 1846 இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார்.

1848 ஐரோப்பாவெங்கும் புரட்சி எழுந்த ஆண்டு. ஷ்லைகர் அக்காலத்தில் நாளிதழ்களின் செய்தியாளராகப் பாரிசிலும் வியன்னாவிலும் தங்கி, நிகழ்ந்தவற்றைக் கண்டு எழுதினார். விடுதலை உணர்வு மிக்க அவ்விளைஞருக்கு அப்பணி வருவாயைத் தந்தது. பின்னாளில் தொல்லையையும் தந்தது.

பிராக் நகரில்

1850 இல் பிராக் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றது. ஸ்லாவிய மொழியியலுக்கு அடித்தளமிட்ட யோசப் டோப்ரோவ்ஸ்கி (1753-1829) வாழ்ந்து பணியாற்றிய நகரம் அது. ஆட்சி ஜெர்மன் மொழியில் நடந்தது. மக்கள் செக் மொழி பேசினர். ஆட்சி மொழியோடு அமைந்துவிடாமல் ஷ்லைகர் செக் மொழியைக் கற்றார். அம்மொழியின் வழியே ஸ்லாவிய மொழிகள் அனைத்துக்கும் கதவு திறந்தது. 1852 இல் பழைய திருச்சபை ஸ்லாவிய மொழியின் சொல்லிலக்கணத்தை நூலாக வெளியிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் சிரில், மெதோடியஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர் கிறித்தவ நூல்களை மொழிபெயர்க்கப் பயன்படுத்திய மொழி அது. ஸ்லாவிய மொழிகளுள் எழுத்தில் கிடைப்பவற்றில் மிகப் பழமையானது.

அம்மொழியின் எண்ணுப்பெயர்களை நோக்குவோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஒன்று முதல் நான்கு வரையிலான சொற்கள் பெயரடைகளைப் போல நடக்கின்றன. தாம் எண்ணும் பொருளின் பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப அவை உருவம் மாறும். ஆண்பாலுக்குத் துவ; பெண்பாலுக்குத் துவே. ஆண்பாலுக்கு த்ரியே, பெண்பாலுக்கு த்ரி. ஐந்துக்கு வந்தவுடன் இந்நடை முற்றிலும் மாறிவிடுகிறது. ஐந்தைக் குறிக்கும் பென்தி, ஆறைக் குறிக்கும் ஷெஸ்தி முதலியவை பெண்பால் ஒருமைப் பெயர்ச்சொற்கள். அவை தமக்குப் பின்வரும் பொருளைப் பன்மை ஆறாம் வேற்றுமையில் நிறுத்தும். ஐந்து வீடுகள் என்று அம்மொழி சொல்வதில்லை. வீடுகளின் ஓர் ஐந்து என்றே சொல்லும். நான்கு வரை எண் பொருளின் பண்பாக நிற்கிறது. ஐந்திலிருந்து எண் தானே ஒரு பொருளாகிவிடுகிறது.

இதன் காரணத்தை அறிய வடமொழி துணைநிற்கிறது. வடமொழியில் பஞ்ச என்பது ஐந்து. பங்க்தி என்பது ஐந்தன் தொகுதி. ஸ்லாவியத்தின் பென்தி, வடமொழியின் பஞ்ச என்பதற்கு நேரானதன்று. பங்க்தி என்பதற்கே நேரானது. ஐந்து என்னும் பழைய எண்ணுச்சொல்லை ஸ்லாவியர் இழந்து, ஐந்தன் தொகுதி என்னும் பெயரையே எண்ணாக வழங்கலாயினர். அதே பங்க்தி என்னும் சொல் வடமொழியில் ஐந்தடிப் பாவகையைக் குறித்து, பின்னர் வரிசை என்னும் பொருளடைந்து, தமிழில் பந்தி என வந்து வழங்குகிறது. விருந்தில் வரிசையாக அமர்வோரின் பந்தியும், மாஸ்கோ நகரத்துக் கடைக்காரர் ஐந்து என்று எண்ணும் சொல்லும் ஒரு வேரில் பிறந்தவை என்பது மொழிநூல் தரும் இன்பங்களுள் ஒன்று.

லித்துவேனியச் சிற்றூர்களில்

ஸ்லாவியத்துக்கு மிக நெருங்கிய உறவுடையது லித்துவேனியம். அதன் பழமை பற்றி அறிஞர் பலர் எழுதியிருந்தனர். ஆனால் அவர்கள் அச்சிட்ட நூல்களையே நம்பியிருந்தனர். ஷ்லைகர் அவ்வாறு அமையவில்லை. 1852 ஆம் ஆண்டில், அன்று பிரஷ்ய ஆட்சியிலிருந்த லித்துவேனியப் பகுதிக்கு நேரே சென்றார். உழவர்களிடையே பல திங்கள் தங்கி, அவர்களோடு பேசிப் பழகி, பாடல்களையும் கதைகளையும் பழமொழிகளையும் விடுகதைகளையும் கேட்டு எழுதினார். ஆய்வின் பயனைக் கடிதங்களாக வியன்னா அறிவியற் கழகத்தின் செயலாளருக்கு எழுதியனுப்பினார். இந்தோ-ஐரோப்பிய ஒப்பியல் துறையில் நூலகத்தை விட்டு வெளியேறிப் பேசுவோரின் வாய்மொழியைத் தேடிச் சென்ற முன்னோடி அவர். 1856 இல் லித்துவேனிய இலக்கணமும், அடுத்த ஆண்டில் அதற்குத் துணையாகப் படிப்பு நூலும் சொற்கோவையும் வெளிவந்தன. ஒரு மொழியைப் பேசுவோரிடமிருந்தே கேட்டு அறிவியல் முறையில் எழுதிய இலக்கணம் என அது போற்றப்படுகிறது.

அவ்வுழவர் எண்ணிய முறையில் அரிய செய்திகள் பல பொதிந்திருந்தன. நான்கு என்பதற்கு அவர்கள் கெதுரி என்றனர். ஐந்து என்பதற்குப் பெங்கி என்றனர். ஒன்பது என்பதற்குத் தெவீனி என்றனர். வடமொழியில் நவ, இலத்தீனில் நோவெம் என நகரத்தில் தொடங்கும் இச்சொல் லித்துவேனியத்திலும் ஸ்லாவியத்திலும் தகரத்தில் தொடங்குகிறது. ஸ்லாவிய வடிவம் தெவென்தி. இவற்றுக்கு உறவான பழைய பிரஷ்ய மொழியோ, பதினாறாம் நூற்றாண்டில் அச்சான சமய நூல்களில், ஒன்பதாவது என்பதற்கு நெவீன்த்ஸ் என நகரத்தையே காத்து வைத்திருக்கிறது. ஆகவே மாற்றம் பிற்காலத்தது. அதன் காரணம் எண்ணும் வாயிலேயே இருக்கிறது. ஒன்பதை அடுத்து வருவது பத்து. அது லித்துவேனியத்தில் தெஷிம்த், ஸ்லாவியத்தில் தெஸென்தி. வரிசையாக எண்ணும் நா, வரவிருக்கும் பத்தின் முதலெழுத்தை முன்கூட்டியே ஒன்பதுக்கு ஏற்றிவிட்டது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

ஏழுக்கும் எட்டுக்கும் நேர்ந்ததும் இத்தகையதே. ஸ்லாவியத்தில் ஏழு செத்மி, எட்டு ஒஸ்மி. இவற்றிலுள்ள மகரம் ஏழாவது, எட்டாவது என்னும் வரிசை எண்களிலிருந்து வந்தது. வடமொழியில் சப்தம, அஷ்டம என்னும் வரிசை எண்களில் அந்த மகரத்தைக் காணலாம். பொதுவாக எண்ணுப்பெயரிலிருந்து வரிசை எண் பிறப்பதே இயல்பு. இங்கோ பிள்ளை தாய்க்கு உருவம் கொடுத்தது போல, வரிசை எண் தன் மூலத்தையே திருத்தி அமைத்துவிட்டது.

பதினொன்றுக்கு வந்தால் அண்டை மொழிகள் வெவ்வேறு வழியில் செல்கின்றன. ஸ்லாவியர் பத்தின்மேல் ஒன்று என்பர். ரஷ்ய மொழியின் இன்றைய சொல்லிலும் அத்தொடர் தேய்ந்து ஒட்டியிருக்கிறது. லித்துவேனியரோ பத்தை எண்ணியபின் எஞ்சியது ஒன்று என்னும் பொருளில் வியெனுவோலிகா என்பர். பத்தொன்பது வரை இந்த எச்சக் கணக்கே தொடரும். பழைய ஜெர்மானிய மொழியான கோதியத்தில் ஐன்லிஃப், த்வாலிஃப் எனப் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் இதே முறை காணப்படுகிறது.

மொழிமரம்

1853 ஆம் ஆண்டு ஷ்லைகர் ஒரு சிறு கட்டுரையில் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் உறவை மரமாக வரைந்து காட்டினார். அடிமரம் ஒன்று, அதிலிருந்து கிளைகள், கிளையிலிருந்து சிறு கிளைகள். இன்று உலகெங்கும் மொழிக் குடும்பங்களை விளக்கப் பாடநூல்கள் வரையும் மரம் அன்று வேர்கொண்டது. தாம் வரைந்த மரத்தில் அவர் முதற்பிரிவாகக் கொண்டது ஸ்லாவியமும் லித்துவேனியமும் ஜெர்மானியமும் ஒன்றாக நின்ற ஒரு பெருங்கிளை. அம்மூன்றும் முதலில் சேர்ந்து பிரிந்து, பின்னரே தம்முள் பிரிந்தன என்பது அவர் முடிபு.

இம்முடிபுக்கு ஆதரவாக நிற்பதாகத் தோன்றும் சொல் ஆயிரம் என்பது. நூறு வரை இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பெரும்பாலும் ஒத்து நிற்கின்றன. வடமொழியில் சதம், இலத்தீனில் கெந்தும், லித்துவேனியத்தில் ஷிம்தஸ். ஆயிரத்தில் அவ்வொற்றுமை உடைகிறது. வடமொழிக்குச் சகஸ்ரம், இலத்தீனுக்கு மீலெ. ஆனால் ஸ்லாவியத்தின் தீஸென்ஷ்த, லித்துவேனியத்தின் தூக்ஸ்தந்திஸ், கோதியத்தின் தூசுந்தி ஆகிய மூன்றும் ஒரே சொல்லின் உருவங்கள். பருத்த நூறு, பெரிய நூறு என்பதே அதன் மூலப்பொருளாகலாம் என்பர்.

துன்பங்களும் யேனா வாழ்வும்

புரட்சிக் காலத்துச் செய்தியாளர் என்பதை ஆஸ்திரிய அரசு மறக்கவில்லை. பிராக் நகரில் அவர் காவல்துறையின் கண்காணிப்புக்கு ஆளானார். உடல்நலமும் குன்றியது. 1857 இல் அவர் பிராகை விட்டு, தம் சொந்த மண்ணான துரிங்கியப் பகுதியிலுள்ள யேனா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கும் அவர் பெற்றது மதிப்புநிலைப் பேராசிரியர் பதவியே. நுரையீரல் நோய் அவரைத் தொடர்ந்து வருத்தியது. நோயை வெல்ல உடற்பயிற்சியை விடாது மேற்கொண்டார். ஓய்வு நேரங்களில் தோட்டக்கலையில் ஈடுபட்டுச் செடிகளை வளர்த்தார்.

யேனாவில் விலங்கியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் அவருடைய நண்பரானார். 1859 இல் வெளிவந்த டார்வினின் நூலைப் படிக்குமாறு தூண்டியவர் அவரே. அதன் பயனாக ஷ்லைகர் 1863 இல் டார்வின் கொள்கையையும் மொழிநூலையும் இணைத்து ஹெக்கலுக்கு எழுதும் திறந்த மடலாக ஒரு சிறுநூல் வெளியிட்டார். மொழிகளும் உயிர்களைப் போலத் தோன்றி வளர்ந்து கிளைத்து அழிவன என்றும், மனித விருப்பத்துக்குக் கட்டுப்படாத இயற்கைப் பொருள்கள் என்றும் அவர் கருதினார். வரலாறு தோன்றுவதற்கு முன்பே மொழிகள் முழு வளர்ச்சி பெற்றுவிட்டன, வரலாற்றுக் காலமெங்கும் அவை தேய்ந்து சிதைந்தே வருகின்றன என்பதும் அவர் கொள்கை.

1861-62 ஆம் ஆண்டுகளில் அவருடைய தலையாய நூலான இந்தோ-ஜெர்மானிய ஒப்பிலக்கணச் சுருக்கம் வெளிவந்தது. மொழிகளை ஒப்பிட்டு நிறுத்துவதோடு அமையாமல், அவை பிறந்த மூலமொழியின் உருவங்களையே மீட்டெழுத முற்பட்ட நூல் அது. எழுத்தில் எங்கும் கிடைக்காமல் அறிஞர் ஊகித்து அமைக்கும் சொல்லுக்கு முன் உடுக்குறி இடும் வழக்கத்தை ஒழுங்காகப் பரப்பியவரும் அவரே என்பர். அச்சிறு குறி ஓர் அறநெறி போன்றது: இது கண்டதன்று, கருதியது என்று படிப்போர்க்கு நேர்மையாக உணர்த்துவது அது.

எண்ணுப்பெயர் நூல்

லித்துவேனியத்தின்மீது அவர் கொண்ட அன்பு இலக்கணத்தோடு நிற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சிற்றூர்த் திருச்சபையில் போதகராக இருந்து, நான்கு பருவங்களையும் உழவர் வாழ்வையும் பாடிய கிறிஸ்தியோனாஸ் தொனெலைத்திஸ் (1714-1780) என்னும் கவிஞரின் பாடல்களை அவர் 1865 இல் பதிப்பித்தார். ஒரு மொழியின் இலக்கணத்தை எழுதியவரே அதன் தலைசிறந்த கவிஞருக்குப் பதிப்பாசிரியராகவும் அமைந்தது அரிய பேறு.

அடுத்த ஆண்டில், 1866 இல், ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழக வெளியீட்டின் இணைப்பாக அவருடைய எண்ணுப்பெயர் ஆய்வு ரஷ்ய மொழியில் வெளிவந்தது. லித்துவேனிய-ஸ்லாவிய மொழியிலும் ஜெர்மானியத்திலும் எண்ணுப்பெயர், வரிசை எண் ஆகியவற்றின் சொல்லடிகள் என்பது அதன் பொருள். தலைப்பிலேயே அவருடைய மரம் தெரிகிறது. லித்துவேனியத்தையும் ஸ்லாவியத்தையும் ஒன்றாக இணைத்து, அதன் பக்கத்தில் ஜெர்மானியத்தை நிறுத்தியிருக்கிறார். எண்ணையும் வரிசை எண்ணையும் பிரிக்காமல் சேர்த்து ஆராய்ந்ததும் கருதத்தக்கது. ஏழு, எட்டு ஆகியவற்றின் வரலாறு அவற்றின் வரிசை எண்களை விட்டு விளங்காது என்பதை முன்பே கண்டோம்.

இதே காலத்தில் அவர் மற்றொரு மொழியின்பாலும் கருத்தூன்றினார். ஜெர்மனியின் எல்பே ஆற்றங்கரையில் ஸ்லாவியர் பேசிய பொலாபிய மொழி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மறைந்துவிட்டது. அதனைப் பேசியோருள் யோகான் பாரும் ஷுல்ட்சே என்னும் உழவர் தம் ஊர் வரலாற்றோடு மொழியின் சொற்களையும் எழுதி வைத்தார். தாமும் ஊரில் இன்னும் மூவரும் மறைந்தால், நாயை இம்மொழியில் என்னவென்று அழைப்பது என்பதுகூட எவருக்கும் சரியாகத் தெரியாமற் போகும் என அவர் கவன்றார். அத்தகையோர் விட்டுச்சென்ற சிதறிய குறிப்புகளைக் கொண்டே ஷ்லைகர் அம்மொழியின் ஒலியையும் சொல்லுருவத்தையும் விளக்கும் இலக்கணம் எழுதினார். அதனை அச்சில் காண அவர் இருக்கவில்லை. மாணவர் ஆகஸ்ட் லெஸ்கீன் அதனை 1871 இல் வெளிக்கொணர்ந்தார்.

1868 ஆம் ஆண்டில் ஷ்லைகர் துணிந்து ஒரு செயல் செய்தார். தாம் மீட்டெடுத்த மூலமொழியிலேயே ஒரு சிறு கதை எழுதினார். மயிர் இழந்த ஆடு ஒன்று, சுமை இழுத்தும் ஆளைச் சுமந்தும் உழைக்கும் குதிரைகளைக் கண்டு இரங்குவதும், குதிரைகள் அந்த ஆட்டின் நிலைக்கு இரங்குவதுமே அக்கதை. எவரும் பேசி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கடந்துபோன மொழியில் எழுதப்பட்ட அக்கதையை அதன்பின் பல அறிஞர் தத்தம் கொள்கைக்கேற்பத் திருத்தி எழுதியுள்ளனர். அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 6 ஆம் நாள் யேனாவில் ஷ்லைகர் மறைந்தார்.

மறைவுக்குப் பின்

ஷ்லைகரின் கட்டடத்தை முதலில் அசைத்தவர்கள் அவருடைய மாணவர்களே. 1872 இல் மாணவர் யோகான்னஸ் ஷ்மித், மொழிகள் மரக்கிளை போலப் பிரிந்து நிற்பதில்லை, நீரில் எழும் அலைவட்டங்களைப் போல மாற்றங்கள் ஒன்றோடொன்று கலந்து பரவுகின்றன என்று எழுதினார். ஸ்லாவியமும் லித்துவேனியமும் நெருங்கிய உறவினர் என்பதை இன்றும் பெரும்பாலோர் ஏற்கின்றனர். ஆனால் ஜெர்மானியத்தையும் சேர்த்து ஒரே கிளை என்ற கருத்து நிலைபெறவில்லை. ஆயிரம் என்னும் சொல்லின் ஒற்றுமை, அண்டை வாழ்வோரிடையே பரவிய வழக்காகவும் இருக்கலாம். வணிகமும் எண்களைப் படைக்கும். ரஷ்ய மொழியில் இருபது, முப்பது என்பவை பத்தின் மடங்காக அமைந்திருக்க, நாற்பது மட்டும் சோரக் என்னும் தனிச்சொல்லாக நிற்கிறது. உட்சட்டையைக் குறிக்கும் சொல்லோடு இதனை இணைத்து, விலையுயர்ந்த விலங்குத் தோல்கள் நாற்பது கொண்ட கட்டின் பெயரே எண்ணாயிற்று என்பர் ஒரு சாரார். கிரேக்கத்திலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார். மரக்கிளை மட்டும் கொண்டு இத்தகைய சொற்களை விளக்க இயலாது.

இதனினும் ஆழமான திருத்தம் ஒன்று நிகழ்ந்தது. மூலமொழியில் அ, இ, உ என்னும் மூன்று அடிப்படை உயிர்களே இருந்தன, ஏனைய மொழிகளில் காணும் எ, ஒ ஆகியவை அகரம் சிதைந்து பிறந்தவை என்பது ஷ்லைகர் கொண்ட கொள்கை. ஆகவே அவர் மீட்ட மூலமொழி வடமொழியின் சாயலிலேயே இருந்தது. 1870களின் இறுதிக்குள் அண்ண ஒலி விதி எனப்படும் ஓர் உண்மை வெளிப்பட்டது. அதனைக் கண்டவர்களுள் யோகான்னஸ் ஷ்மித்தும் ஒருவர். அவ்வுண்மையை விளக்க இரண்டு எண்ணுப்பெயர்களே போதும்.

லித்துவேனியத்தில் நான்கு கெதுரி, வடமொழியில் சத்வாரஸ். லித்துவேனியத்தில் ஐந்து பெங்கி; வடமொழியில் பஞ்ச. ககரம் இருக்க வேண்டிய இடத்தில் வடமொழியில் சகரம் வந்தது எதனால்? பங்க்தி என்னும் சொல்லில் மட்டும் அதே ககரம் மாறாமல் நிற்பது எதனால்? பழைய காலத்தில் அந்தக் ககரத்தை அடுத்து எகரம் இருந்தது. எகரத்தின் சார்பால் ககரம் சகரமாயிற்று. அதன்பின் எகரம் வடமொழியில் அகரத்தோடு கலந்து மறைந்தது. பங்க்தியில் ககரத்தை அடுத்து நின்றது தகரமாதலின் மாற்றம் நேரவில்லை. ஆகவே எகரம் சிதைந்து பிறந்த உயிரன்று, மூலமொழிக்கே உரியது. அதனை வடமொழி இழந்தது. கிரேக்கமும் இலத்தீனும் ஸ்லாவியமும் லித்துவேனியமும் காத்தன.

கெதுரி, பெங்கி, தெஷிம்த் என எகரம் ஒலிக்க எண்ணிய உழவர்களிடையே அமர்ந்து, அவர்கள் சொல்லியவாறே எழுதியவர் ஷ்லைகர். தாம் கேட்ட ஒலியின் பழமையைத் தாமே அறியாமற் போனார். எனினும் தம் கொள்கைக்குப் பொருந்தவில்லை என்று அவ்வொலியை அவர் மாற்றி எழுதவில்லை. கேட்டதைக் கேட்டவாறு பதிவு செய்த அந்த நேர்மையால்தான் பின்வந்தோர் அவரையே திருத்த முடிந்தது.

மொழிகள் வரலாற்றுக் காலத்தில் தேய்ந்து அழிவன என்று அவர் நம்பினார். அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த எண்ணுப்பெயர்களோ வேறொரு செய்தியைச் சொல்கின்றன. எண்ணுச்சொல் ஒன்றை இழந்த மக்கள் தொகுதிப் பெயரை எடுத்து ஐந்தாக்கினர். ஒன்பது பத்தோடு இயைந்து முதலெழுத்தை மாற்றிக்கொண்டது. மறைந்துபோன இருமை உருவம் ரஷ்ய மொழியில் இரண்டோடு நில்லாமல் மூன்றுக்கும் நான்குக்கும் உரியதாகி இன்றும் வழங்குகிறது. சொற்களின் உருவம் தேயலாம்; எண்ணும் வாய் ஓயும் வரை மொழி தன்னைத் தானே புதுக்கிக்கொண்டேயிருக்கும்.

ஷ்லைகரின் மரத்தில் சில கிளைகள் உதிர்ந்தன. அவர் மீட்ட மூலமொழியின் உயிரொலிகள் மாறின. அவர் கைப்பட எழுதி வைத்த உழவர் மொழி மட்டும் உதிரவுமில்லை, மாறவுமில்லை. கொள்கை வகுப்போர் பலர். செவி சாய்ப்போர் சிலர். அச்சிலருள் ஒருவராக ஆகஸ்ட் ஷ்லைகர் என்றும் நினைக்கப்படுவார்.